ஏரிப் பாடம்: திரும்பும்போது நாற்பத்தொன்று

பாடம் முடிந்தும் கரும்பலகையை அழிக்காமல் எழுந்துபோன என் கிரேஸ் அக்காவுக்கு,

நம் பள்ளியின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். உன்னைப் பற்றி எழுதப் பேனா நகரவில்லை. உன்னிடம் எழுதுவதென்றால் நகர்கிறது. மற்றவர்களும் படிக்கட்டும். அவர்களிடம் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றும் இதில் இருக்கிறது.

என் வழக்கம் உனக்குத் தெரியும். நாலு சாமான் வாங்கக் கடைக்குப் போவதற்கே சீட்டு எழுதுகிறவன். ஆகவே முதலில் வரிசை.

1. உன் பாடக்குறிப்பு நோட்டு என் கைக்கு வந்த விதம்.
2. பிள்ளைகளின் பதில்கள் அதில் முன்கூட்டியே இருந்த விதம்.
3. ஏரிப் பாடத்தில் ‘புறப்படும்போது 42, திரும்பும்போது 41’ என்று நீ எழுதியது வெறும் கைத்தவறு என்பது.
4. வசந்தி என்ற மாணவிக்கு நான் செய்தது.
5. இங்கே இப்போதைய செய்திகள்.

ஐந்தாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயந்தவன் பரீட்சையில் எளிதான கேள்வியைத்தானே முதலில் எழுதுவான்.

பி.யு.சி. போய்விட்டது அக்கா. இந்த வருஷம் நம் பள்ளியிலேயே பிளஸ் ஒன் தொடங்கிவிட்டார்கள். காலை எட்டு மணிக்குமேல் மின்சார ரயிலில் கால் வைக்க இடமில்லை. முடிச்சூர்ப் பக்கம் வயல்களில் கல் நட்டு மனை பிரிக்கிறார்கள். நான் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. சர்ச்சில் இன்னும் கடைசி வரிசைதான். நம் வீட்டு ஓட்டுக்கூரையை மாற்றவில்லை. உன் மேஜை அதே ஜன்னலோரம் இருக்கிறது. நீ சாப்பிட்ட வெள்ளை எனாமல் தட்டும் இருக்கிறது. அதில் நான் சாப்பிடுவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி முதலாவது.

ஆசிரியர் வேலை பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். பாடக்குறிப்பு என்பது ஒவ்வொரு பாடத்தையும் எப்படி நடத்தப்போகிறோம் என்று முன்னதாக எழுதிவைப்பது. பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கோடு போட வேண்டும். இடப்பக்கம் ‘ஆசிரியர் செயல்’, வலப்பக்கம் ‘மாணவர் செயல்’. இடப்பக்கத்தில் நாம் கேட்கும் கேள்வி, வலப்பக்கத்தில் பிள்ளைகளிடமிருந்து நாம் எதிர்பார்க்கும் பதில். நாங்கள் எல்லோரும் வலப்பக்கத்தில் ‘மாணவர் சரியான விடை கூறுவர்’ என்று எழுதித் திங்கட்கிழமை காலையில் ஹெட்மாஸ்டரிடம் நீட்டுவோம். அவரும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். அவர்மேல் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் படித்திருக்க மாட்டேன்.

நீ மட்டும் மே மாத விடுமுறையிலேயே முழு வருஷத்துக்கும் எழுதிவிடுவாய். அந்த வருஷமும் எழுதினாய். எட்டாம் வகுப்புப் பொது விஞ்ஞானம், நீல அட்டை போட்ட இருநூறு பக்க நோட்டு.

காலாண்டு விடுமுறையில் ஒரு மத்தியானம். மோர் குடித்துவிட்டு மேஜைமேல் தலையைச் சாய்த்தாய். தூங்குகிறாய் என்று நினைத்து நான் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டுப் போனேன். நாலு மணிக்குக் காப்பி கொண்டுவந்தபோது உன் கை நோட்டின்மேல் இருந்தது. கை சில்லிட்டிருந்தது. நோட்டு மட்டும் ஏனோ சூடாக இருந்தது. வெயில் பட்டிருக்கும்.

பள்ளி திறந்ததும் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

“டேனியல் சார், எட்டாவது சயின்ஸை நீங்களே பாத்துக்குங்க.”

“சார், நான் கணக்கு…”

“கணக்கு வர்றவருக்கு சயின்ஸ் வராதா? உங்க அக்கா வருஷம் முழுக்க எழுதி வச்சிருக்காங்களாமே. புதுசா எழுத வேணாம். அதையே வரி விடாம நடத்திட்டு வாங்க. திங்கக்கிழமை கொண்டு வந்தா நான் கையெழுத்துப் போட்டுடறேன்.”

அப்படித்தான் அது என் கைக்கு வந்தது. செத்துப்போனவர் எழுதிய பாடக்குறிப்பில் உயிரோடிருப்பவர்கள் வாராவாரம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். அதில் தவறாக எதுவும் எங்களுக்குப் படவில்லை.

இரண்டாவது.

என் முதல் பாடம் ஆவியாதல். நீ எழுதியிருந்தபடியே ஈரக் கைக்குட்டையால் கரும்பலகையைத் துடைத்தேன். ஈரம் காய்ந்து மறையும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நோட்டில் இருந்த கேள்வியைக் கேட்டேன். “இங்கே இருந்த தண்ணீர் எங்கே போயிற்று?”

கடைசி பெஞ்சிலிருந்து ஏழுமலை எழுந்தான். வகுப்பின் விகடகவி அவன்தான். “உங்களப் பாத்துப் பயந்து ஓடிடுச்சு சார்.”

வகுப்பே சிரித்தது. என்னைப் பார்த்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பயப்படாது என்பது எட்டாம் வகுப்புக்கே தெரியும். அடுத்து என்ன செய்வது என்று நோட்டைக் குனிந்து பார்த்தேன். மாணவர் செயல் பத்தியில் உன் சரிந்த கையெழுத்து:

‘ஏழுமலை: உங்களப் பாத்துப் பயந்து ஓடிடுச்சு சார். (வகுப்பு சிரிக்கும். சிரிக்க விடுக.)’

சிரிக்க விட்டேன். 

ஆறாவதிலிருந்து அந்தப் பிள்ளைகளை நடத்தி வந்தவள் நீ. யார் வாயில் என்ன வரும் என்று உனக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மறுபடி படித்தபோதுதான் அந்தச் சொல் கண்ணில் பட்டது. ‘சார்.’ நோட்டின் ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஜூன் மாதப் பாடங்களில் எல்லாப் பிள்ளைகளும் ‘டீச்சர்’ என்கிறார்கள். ஜூலையில் டீச்சர். ஆகஸ்டில் டீச்சர். காலாண்டுத் தேர்வுக்கு அடுத்த பக்கத்திலிருந்து ‘சார்’.

மே மாதத்தில் எழுதியது அது. உட்கார்ந்து நீ எழுதுவதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். எப்படி அக்கா?

அதன் பிறகு பாடங்கள் எனக்குப் பாடமாக இல்லை. ஒலி பற்றிய பாடத்தில், ‘இங்கே மழை வரும். ஜன்னலை மூட வேண்டாம், கேட்கச் சொல்க’ என்று இருந்தது. மழை வந்தது. தாம்பரத்தில் ஐப்பசியில் மழை பெய்யாத நாளைச் சொல்வதுதான் கடினம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எலும்புகள் பாடத்தில், ‘பிரேமா அழுவாள். காரணம் கேட்க வேண்டாம்.’ விலா எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தபோது பிரேமா அழுதாள். நான் கேட்கவில்லை. காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மட்டும் துணிந்தேன். காந்தப் பாடம். நீ எழுதிய கேள்வியை விட்டுவிட்டு வேண்டுமென்றே நானாக ஒன்று கேட்டேன். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. அப்புறம் ஏழுமலை மெதுவாக எழுந்தான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

“கேள்விய மாத்திட்டீங்க சார்.”

நோட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு பார்த்தேன். இருந்தது, அதே மூன்று சொற்கள்.

அன்று மாலை ஒரு முழம் பருத்தி நூல் எடுத்து, அந்த வாரப் பாடத்துக்கு அப்பால் இருந்த பக்கங்களை எல்லாம் சேர்த்துக் கட்டினேன். வாரா வாரம் தேவையான தாள்களை மட்டும் உருவிக்கொண்டு மறுபடி முடிச்சுப் போடுவேன். முன்னால் பார்க்காமல் இருந்தால் பாதுகாப்பு என்று ஒரு எண்ணம். அது முட்டாள்தனம் என்றும் ஒரு எண்ணம்.

மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாகத்தான் வரும். பிரித்து எழுத முயன்றேன், முடியவில்லை.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, நூலை அவிழ்த்து எடுத்த தாள் வெளிப்பாடம். வெள்ளிக்கிழமை பிற்பகல், சிட்லபாக்கம் ஏரி, நீர்த்தாவரங்கள். கருவிகள்: ஆளுக்கொரு காலி ஊறுகாய் பாட்டில், கழுத்தில் கட்ட நூல், அடிக்கோல், வெள்ளை எனாமல் தட்டு ஒன்று. பக்கத்தின் அடியில், கட்டம் போட்டு: ‘புறப்படும்போது எண்ணிக்கை 42. திரும்பும்போது 41.’

வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள்.

வெளியே அழைத்துப்போகும் நாட்களில் உனக்கு ஒரு முறை உண்டு. வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணை ஒவ்வொரு பிள்ளையும் சத்தமாகச் சொல்ல வேண்டும், போகும்போதும் வரும்போதும். யாராவது பிரிந்துவிட்டால் தேடி ஓடக் கூடாது. கையில் அகப்பட்ட கெட்டியான எதையாவது பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நீ போய் அந்த எண்ணைக் கூப்பிடுவாய். ‘உள்ளேன்’ என்று பதில் வரும். உன் வகுப்பில் ஒரு பிள்ளையும் தொலைந்ததில்லை. அப்படிப்பட்டவள் எழுதிய எண் அது.

தாளை எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டரிடம் ஓடினேன். முதல் முறையாக அவர் அதைப் படித்தார்.

“இதுக்கா இப்படி மூச்சு வாங்குது? போன வருஷம் எட்டாவதுல நாப்பத்தொரு பேரு. அந்த ஞாபகத்துல எழுதியிருப்பாங்க. கைத்தவறு சார். உங்க அக்காவும் மனுஷிதானே?”

“ஏரி நிறைஞ்சிருக்கு சார்.”

“நிறைஞ்ச ஏரியப் பாக்கத்தானே போறீங்க? வத்தின ஏரியில என்ன பாடம் இருக்கு?” என்று கையெழுத்தைப் போட்டார்.

வியாழக்கிழமைக்குள் நான் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். கணக்கு வாத்தியாரின் வழி. ஒரு பிள்ளையைப் பள்ளியிலேயே விட்டுப்போவது. நாற்பத்தொரு பேர் போய் நாற்பத்தொரு பேர் திரும்பினால் நோட்டும் பொய்யாகாது, யாருக்கும் ஒன்றும் ஆகாது.

யாரை விடுவது? நாற்பத்திரண்டாம் எண் வசந்தி. பதிவேட்டில் கடைசி, வரிசையில் கடைசி, உருவத்திலும் சிறியவள். தண்ணீரைக் கண்டால் நிற்கமாட்டாள். மழை நாளில் அவளைத் தாழ்வாரத்திலிருந்து உள்ளே இழுத்துவருவதே ஒரு வேலை. ஏரிப் பாடத்துக்காகத் திங்கட்கிழமை முதலே பாட்டிலைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல வைத்திருந்தாள். அவளைத்தான் நான் தேர்ந்தேன். காலைப் பிரார்த்தனையில் அவள் ஒரு தடவை தும்மியது எனக்கு வசதியாகப் போயிற்று.

“உனக்கு ஜலதோஷம். நீ வர வேண்டாம். கரும்பலகையில் வேலம்பாசிச் செடி வரைந்து பாகங்களைக் குறி.”

“எனக்கு ஒண்ணும் இல்ல சார்.”

“இருக்கிறது.”

“ஒரே ஒரு தும்மல்தான் சார்.”

பாட்டிலை அவள் பெஞ்சுக்கடியில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். அந்தச் சத்தமின்மை எனக்கு இன்னும் கேட்கிறது அக்கா.

ஏரியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நாற்பத்தொரு பிள்ளைகள் கரையில் கோரை பிடுங்கினார்கள், வேலம்பாசி அள்ளினார்கள், ஆகாயத்தாமரையின் வேரை உருப்பெருக்கியில் பார்த்தார்கள். மதகுப் படிக்கட்டில் நின்று நான் உன் தட்டை நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினேன். நீர் எவ்வளவு தெளிவு என்று அளக்கும் சோதனை. தட்டு கண்ணுக்கு மறையும் இடத்தில் நூலைப் பிடித்து அளக்க வேண்டும். வெள்ளை மங்கலாகி, பச்சையாகி, இல்லாமல் போனது. அளந்தோம். அறுபத்திரண்டு சென்டிமீட்டர். நோட்டிலும் அறுபத்திரண்டு.

“தட்டு எங்கே போயிற்று?” என்று உன் கேள்வியைக் கேட்டேன்.

“அங்கதான் சார் இருக்கு. நமக்குத்தான் தெரியல” என்றாள் பிரேமா. அதுவும் நோட்டில் இருந்தது.

திரும்பிப் பள்ளி வாசலில் எண்ணினோம். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. பிறகு பிள்ளைகள் பழக்கத்தில் ஒரு கணம் காத்திருந்தார்கள், அடுத்த குரலுக்காக. நான் அவசரமாக, “சரியாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள்” என்றேன். நிம்மதியில் எனக்குப் பசித்தது.

வகுப்புக்குப் போனேன். பலகையில் பாதிச் செடி. சாக்பீஸ் மேஜைமேல். வசந்தியின் பை இருந்தது. பெஞ்சுக்கடியில் பாட்டில் இல்லை.

பியூன் முனுசாமி மணியடிக்கும் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொண்ணா சார்? நீங்க போயி கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பாட்ல எட்துகினு கெளம்பிச்சே. எங்க போறன்னேன். டீச்சர் கூப்டாங்கன்னுச்சு.”

“எந்த டீச்சர்?”

“அத்த நான் இன்னான்னு கேக்க? டீச்சர்னா டீச்சர்தானே.”

அன்று மத்தியானம் பள்ளியில் பெண் ஆசிரியர் யாரும் இல்லை. உன்னைத் தவிர வேறு யாரும் அங்கே பெண் ஆசிரியராக இருந்ததும் இல்லை.

நான் நோட்டைப் பிரித்து, நூலை அவிழ்க்காமல் பல்லால் கடித்து அறுத்தேன். ஏரிப் பாடத்தின் அடுத்த பக்கம். ஆசிரியர் செயல்: ‘திரும்பியபின், வராதவரை எண் சொல்லி அழைக்க. பதில் வரும்வரை அழைக்க.’ மாணவர் செயல்: ‘உள்ளேன் டீச்சர்.’

எல்லா வெளிப்பாடங்களுக்கும் நீ எழுதும் வழக்கமான வரிதான் அது. ஆனால் ‘டீச்சர்’ என்றிருந்தது.

முனுசாமியின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனேன். சேலையூர் மேட்டில் சைக்கிள் ஆடியது. “இன்னா சார் இப்டி நடுங்கறீங்க? கெட்டியா புட்ச்சிக்கங்க. நீங்க வுழுந்துட்டா உங்கள வேற தேடணும்” என்றார். வெயில் சாய்ந்து மேகம் கட்டியிருந்தது. கரையில் ஒரு ஆள் இல்லை. காற்றும் இல்லை.

“வசந்தி” என்று கூப்பிட்டேன். என் குரல் உனக்குத் தெரியும். மூன்றாவது பெஞ்சுக்கு மேல் போகாது. ஏரி அதை வாங்கி வைத்துக்கொண்டது. மறுபடி கூப்பிட்டேன். ஒன்றும் இல்லை. அப்புறம்தான் அந்த வரி நினைவுக்கு வந்தது. பெயர் அல்ல, எண்.

“நாற்பத்திரண்டு!” என்று கத்தினேன். என் வாழ்க்கையில் நான் கத்தியது அந்த ஒரு தடவை.

“உள்ளேன் டீச்சர்.”

மதகிலிருந்து வந்தது. படி வழுக்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். மதகுக் கல்லை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். மதகின் அடைப்புப் பலகை பாதி திறந்திருந்தது, தண்ணீர் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமோ, உதடு நீலமாகிவிட்டது. முனுசாமி என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தேன். பாட்டில் அவள் கழுத்தில் நூலில் தொங்கியது. உள்ளே ஒரு வேலம்பாசி.

அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை அக்கா. அங்கே யாரும் இல்லை என்பதைப் பார்க்கப் பயமா, அல்லது மற்றதற்குப் பயமா? இன்னும் தெரியவில்லை.

பிறகு நான் செய்ததுதான் எனக்கு வெட்கம். ‘நாற்பத்தொரு பேர் சென்றனர், நாற்பத்தொரு பேர் திரும்பினர்’ என்று பதிவேட்டில் எழுதினேன். ஹெட்மாஸ்டரிடம் சொல்லவில்லை. வசந்தியின் வீட்டில், மழையில் நனைந்துவிட்டாள் என்றேன். முனுசாமி யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் பாதுகாப்புக்காகவே அவளை விட்டுப்போனேன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. என் பாதுகாப்புக்காக. ஒரு பிள்ளை தொலைந்த வாத்தியார் என்ற பெயருக்குப் பயந்து ஒரு பிள்ளையை நானே தொலைத்தேன். வசந்தி, இதை நீ மலரில் படிப்பாய். என்னை மன்னித்துவிடு அம்மா.

அடுத்த வாரமே அந்த வகுப்பிலிருந்து விடுவிக்கும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன். மிச்சப் பக்கங்களைப் புது நூலால் கட்டினேன். இன்றுவரை அவிழ்க்கவில்லை. தட்டில் சாப்பிடாததற்குக் காரணமும் இப்போது புரிந்திருக்கும்.

‘41’ கைத்தவறுதான் என்பதற்கு என் காரணங்கள்: ஒன்று, முந்தின வருஷ வகுப்பில் நாற்பத்தொரு பேர். இரண்டு, நோட்டில் புறப்படும்போது 42 என்று இருக்கிறது, நாங்கள் புறப்பட்டதோ நாற்பத்தொரு பேர். முதல் எண்ணே பொருந்தவில்லை. மற்ற எல்லாம் சரியாக எழுதிய உனக்கு இது ஒன்று தவறிவிட்டது. அவ்வளவுதான்.

இதுவரை எழுதியது ஞாயிற்றுக்கிழமை. இன்று புதன். இடையில் ஒன்று நடந்துவிட்டது. மேலே எழுதியதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

நேற்று மாலை கதவைத் தட்டி ஒரு பெண் வந்தாள். மடிப்புக் கலையாத பருத்திச் சேலை, கையில் ஒரு கட்டு விடைத்தாள். “சார், என்னைத் தெரியுதா?” என்றாள். முகத்தைப் பார்த்தேன், தெரிந்தது. வசந்தி. பி.எட். முடித்து, ஜூன் மாதத்திலிருந்து நம் பள்ளியிலேயே எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் எடுக்கிறாளாம். உன் வகுப்பு, உன் நாற்காலி.

நீ உட்கார்ந்த மேஜைக்கு எதிரே அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். காப்பி சாஸரில் சிந்தியது. வாய் தானாக, “அன்றைக்கு உன்னை விட்டுவிட்டுப் போனேனே” என்றது.

“ஐயோ, அத இன்னுமா நெனச்சிட்டிருக்கீங்க? எனக்குக் கோவமே இல்ல சார். டீச்சர்தான் சொல்லிட்டாங்களே.”

“என்ன சொன்னாள்?”

“‘என் தம்பி பயந்தவன், உன்னைத்தான் விட்டுட்டுப் போவான், கோவிச்சுக்காத. நீ மதகுக் கல்லை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்க. அவன் திரும்பி வருவான்’னு.”

“எப்போது சொன்னாள்? மே மாதத்திலா?”

அவள் யோசித்தாள். “இல்ல சார். அன்னைக்குத்தான். நான் போர்டுல செடி வரைஞ்சிட்டிருந்தேன்ல, அப்ப.” சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காப்பியை ஆற்றிக்கொண்டாள்.

பதிமூன்று வயதில் நடந்ததைப் பன்னிரண்டு வருஷம் கழித்துச் சொல்கிறாள். நாட்கள் மாறிப்போயிருக்கலாம். நான் திருத்தவில்லை.

வந்த விஷயம் வேறு. வெள்ளிக்கிழமை பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப்போகிறாள். கூட இன்னொரு பெரியவர் இல்லாமல் அனுப்ப முடியாது என்று இப்போதைய ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். எந்த ஆசிரியருக்கும் அந்த நேரம் ஒழிவில்லை. ஆள் கிடைக்காவிட்டால் பாடம் ரத்து. பிள்ளைகள் ஒரு வாரமாகப் பாட்டிலைத் தேய்க்கிறார்களாம்.

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சார். வரிசையில கடைசியா நடந்து வந்தா போதும். பசங்களோட பசங்களா உங்களுக்கும் ஒரு நம்பர் குடுத்துடறேன்.” சிரித்தாள்.

“உன் வகுப்பில் எத்தனை பேர்?”

“நாப்பத்தொண்ணு சார். உங்களையும் சேத்தா நாப்பத்திரண்டு.”

திரும்பும்போது எத்தனை என்று நான் கேட்கவில்லை.

அவள் போன பிறகு வெகுநேரம் உன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு உன் எண்ணுக்குப் பயந்து ஒரு பிள்ளையைப் பள்ளியில் விட்டேன். இந்த முறை நான் வீட்டில் இருந்துவிட்டால் போதும், எண் பொய்யாகிவிடும். காய்ச்சல் என்று ஒரு சீட்டு அனுப்பலாம். சீட்டுகூட எழுதிவிட்டேன். பிறகு பிள்ளைகளின் பாட்டில்கள் நினைவுக்கு வந்தன, பெஞ்சுக்கடியில் சத்தமில்லாமல் வைக்கப்பட்ட அந்த ஒன்றும்.

சீட்டைக் கிழித்துவிட்டேன். ஏரிப் பாடத்தின் தாள்களை மட்டும் இங்கே வைத்துக்கொண்டு, நோட்டைக் கட்டோடு இன்று காலை வசந்தியிடம் சேர்த்துவிட்டேன். நூலை அவிழ்ப்பதா வேண்டாமா என்பது இனி அவள் பாடு. உன் தட்டைத் துலக்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு நான் போகிறேன் அக்கா. வரிசையின் கடைசியில் நடப்பேன். நாற்பத்தொரு பிள்ளைகளும் பள்ளி வாசலுக்குத் திரும்பும்வரை கண்ணை எடுக்கமாட்டேன். இது என் வாக்கு. அதற்குமேல் யாராவது என் எண்ணைக் கூப்பிட்டால், மூன்றாவது பெஞ்சைத் தாண்டிக் கேட்கும்படி பதில் சொல்வேன்.

கடைசியாக ஒரு திருத்தம். மேலே மூன்றாவதாகச் சொன்னது தவறு. அது கைத்தவறு இல்லை. நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். எந்த வெள்ளிக்கிழமைக்கு எழுதினாய் என்று நான்தான் பார்க்கவில்லை.

உன் தம்பி,
வரிசையில் கடைசி, எண் நாற்பத்திரண்டு,
டேனியல்